சிறு நினைவக லினக்ஸ் வழங்கிகள்: ஒரு தமிழ்த்துறைக்குப் பயன்படுமாறு

முன்னுரை

கல்லூரி மலர்களில் 'கணினியும் தமிழும்' என்ற தலைப்பில் ஒரு கட்டுரை இடம்பெறுவது ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக வழக்கமாகிவிட்டது. அக்கட்டுரைகளுட் பல, வரவிருக்கும் காலத்தைக் குறித்த வியப்புரைகளாக அமைந்தன. அவ்வியப்பு இன்று பழகிப்போயிற்று. மாணவர் ஒவ்வொருவர் கையிலும் கணினியொன்று தொலைபேசி வடிவில் இருக்கின்றது. ஆயினும், ஒரு தமிழ்த்துறை தன் ஆக்கங்களை இணையத்தில் தானே காத்து, தானே வழங்கும் நிலை இன்னும் அரிதாகவே உள்ளது. அதற்குப் பெரும்பொருள் வேண்டும், பொறியாளர் வேண்டும், பெரிய இயந்திரம் வேண்டும் என்ற எண்ணமே தடையாக நிற்கின்றது. மாதம் சில நூறு ரூபாய் வாடகைக்குக் கிடைக்கும் 512 மெகாபைட் நினைவகமுடைய சிறியதொரு லினக்ஸ் வழங்கியே அத்தேவைக்குப் போதும் என்பதையும், எவ்வெப்பணிகளுக்குப் போதும், எவற்றிற்குப் போதாது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனை ஆராயத் தூண்டிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. பல ஆண்டுகளுக்கு முன் நான் அறிந்த ஒரு துறையில், மாணவர் ஒருவர் ஆர்வத்தோடு துறைக்கென ஒரு வலைத்தளத்தை இலவச இடமொன்றில் உருவாக்கினார். கருத்தரங்கக் கட்டுரைகள், மாணவர் கவிதைகள், வட்டாரச் சொற்பட்டியல் ஒன்று ஆகியன அதில் ஏறின. அவர் படிப்பை முடித்துச் சென்றார். கடவுச்சொல்லும் அவருடனேயே சென்றது. சில ஆண்டுகள் கழித்து அந்த இலவசச் சேவையும் நின்றது. கட்டுரைகளுக்குத் தட்டச்சுப் படிகள் இருந்தன. சொற்பட்டியலுக்கு வேறு படி இல்லை. நெல்லிக்குப்பத்துக்கும் பண்ணுருட்டிக்கும் இடைப்பட்ட ஊர்களில் கரும்பு, முந்திரி, பலா ஆகிய வேளாண்மை பற்றி வழங்கும் சொற்களை மாணவர் வீடுவீடாகச் சென்று தொகுத்த பட்டியல் அது. சொல் தந்த முதியோர் பலர் இன்று இல்லை.

இஃது ஒரு துறைக்கு மட்டும் நேர்ந்ததன்று. தொண்ணூறுகளின் இறுதியில் தமிழன்பர் பலர் தம் முதல் வலைப்பக்கத்தை அமைத்த ஜியோசிட்டீஸ் சேவை 2009 அக்டோபரில் மூடப்பட்டது. 'ராயர் காப்பி கிளப்', 'மரத்தடி' முதலிய இலக்கியக் குழுக்கள் இயங்கிய யாஹூ குழுமங்கள் 2020 டிசம்பரில் முற்றிலும் நின்றன. வாடகையின்றிக் கொடுத்தவர் இடத்தைத் திரும்பப் பெறும்போது குடியிருந்தவர் வழக்காட முடியாது.

வழங்கி என்பது யாது?

கேட்பவர்க்குக் கேட்ட கோப்பை எடுத்து வழங்கும் கணினியே வழங்கி. 'சர்வர்' என்பது பொது வழக்கு. பெருங்கணினி ஒன்றைப் பல சிறு கணினிகளாகப் பகுத்து, ஒவ்வொன்றும் தனித்தியங்குவதுபோல் அமைப்பதை மெய்நிகராக்கம் என்பர். இது புதிய கருத்தன்று. ஐ.பி.எம். நிறுவனம் 1972ஆம் ஆண்டிலேயே தன் பெருங்கணினிகளுக்கு இத்தகைய அமைப்பை அறிவித்தது. எளிய கணினிகளில் இம்முறை பரவியதற்கு, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் தோன்றி 2003இல் வெளிவந்த 'ஸென்' மென்பொருளும், 2007இல் லினக்ஸ் கருவிலேயே இணைக்கப்பட்ட 'கே.வி.எம்.' அமைப்பும் பெருங்காரணங்கள். பெரிய வீட்டைத் தடுத்துப் பல குடித்தனங்களுக்கு வாடகைக்கு விடுவதோடு இதனை ஒப்பிடலாம். ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனி வாசல், தனிப் பூட்டு, தனி முகவரி உண்டு. அடித்தளமும் கூரையும் பொது.

வாடகைக்கு எடுக்கும்போது ஒன்றை மட்டும் கேட்டறிய வேண்டும். சில இடங்களில் கருநிரலாகிய 'கெர்னல்' எல்லாக் குடித்தனத்துக்கும் பொதுவாக இருக்கும், 'ஓப்பன் வி.இஸட்.' அவ்வகையினது. கே.வி.எம். முறையிலோ நமக்கென்று தனிக் கருநிரல் இருக்கும். நினைவகம் குறைந்த வழங்கியில், பின்னர் கூறப்படும் மாற்றிடத்தை நாமே அமைத்துக்கொள்வதற்குப் பின்னதே ஏற்றது.

நினைவகம் என்னும் மேசை

நூலகத்தில் படிப்பவர்க்கு முன்னுள்ள மேசையே நினைவகம். சுவரோரம் நிற்கும் அலமாரியே வட்டு. மேசை சிறிதாயின் ஒரே நேரத்தில் பல நூல்களை விரித்து வைத்தல் இயலாது. லினக்ஸ் தோன்றிய வரலாறே சிறுமேசையின் வரலாறுதான். பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் அதனை எழுதத் தொடங்கியபோது அவர் கணினியின் நினைவகம் 4 மெகாபைட் மட்டுமே. ஜெர்மனியிலிருந்து ஒருவர், தம் கணினியில் 2 மெகாபைட்டே இருப்பதால் கருநிரலைத் தொகுக்க இயலவில்லை என்று எழுதினார். அவ்வாண்டின் கிறிஸ்துமஸ் விடுமுறையில் டோர்வால்ட்ஸ், நினைவகத்தில் அப்போது வேண்டாத பகுதியை வட்டுக்கு மாற்றி வைக்கும் முறையை எழுதிச் சேர்த்தார். இன்று நாம் 'ஸ்வாப்' என வழங்கும் மாற்றிடத்திற்கு லினக்ஸில் தோற்றுவாய், ஏழைக் கணினியொன்றின் முறையீடேயாகும்.

அந்த 2 மெகாபைட்டை நோக்க 512 மெகாபைட் பெருஞ்செல்வம். எனினும் செல்வத்தை வீணாக்கும் வழிகளும் பெருகிவிட்டன. கணக்கிட்டுப் பார்ப்போம். திரைக்காட்சி ஏதுமின்றி நிறுவப்பட்ட டெபியன் லினக்ஸ் ஏறத்தாழ 100 மெகாபைட்டை எடுத்துக்கொள்ளும். 'என்ஜின்எக்ஸ்' என்னும் வலைவழங்கு மென்பொருள், அமைந்திருக்கும் கோப்புகளை எடுத்துக் கொடுக்கும் அளவில், பத்து மெகாபைட் அளவில் அடங்கும். ஏனையது எஞ்சி நிற்கும். இதற்கு மாறாக, வருகையாளர் ஒவ்வொருவர்க்கும் ஒரு தனிச் செயலியை எழுப்பும் பழைய முறையில் 'அப்பாச்சி'யையும், அதனுள் பி.எச்.பி. மொழியையும் ஏற்றினால், ஒரு செயலிக்கு 20 மெகாபைட் எனக் கொண்டாலும், முப்பது பேர் ஒருசேர வரும்போது 600 மெகாபைட் வேண்டியதாகும். மேசை நிரம்பிவிடும், வழங்கி மேசைக்கும் அலமாரிக்கும் ஓடியே ஓய்ந்துபோகும். இறுதியில் கருநிரல், ஏதேனும் ஒரு செயலியைத் தேர்ந்து கொன்றுவிடும். பெரும்பாலும் அது தரவுத்தளமாகவே இருக்கும். மிகுதியாக உண்பவன் அவனே.

என் முதல் வழங்கியில் இவ்வாறே நேர்ந்தது. 256 மெகாபைட்டில், பலரும் பயன்படுத்துகின்றனர் என்ற ஒரே காரணத்தால் தரவுத்தளத்தோடு கூடிய பெரிய பதிப்பு மென்பொருளை நிறுவினேன். இரண்டாம் நாள் இரவே தளம் படுத்துவிட்டது. மறுபடி எழுப்பினேன், மறுபடி படுத்தது. வாடகைக்கு விட்டவர்மீது குறை சொல்லி ஒரு கடிதமும் எழுதினேன். குறை என்னுடையதென்பதை அறிய ஒரு வாரமாயிற்று. பக்கங்களை வீட்டுக் கணினியிலேயே முழுமையாக்கி, முடிந்த கோப்புகளை மட்டும் ஏற்றி வைத்தபின், அதே வழங்கி தொல்லையின்றி இயங்கியது.

மாணவர் அஞ்சுவதற்கு இடமான மற்றொன்றையும் ஈண்டுச் சுட்ட வேண்டும். நினைவக நிலையைக் காட்டும் 'ஃப்ரீ' என்ற கட்டளையை இட்டால், வெற்றாக இருப்பது மிகக் குறைவு என்று காட்டும். லினக்ஸ், வேலையற்ற நினைவகத்தை வீணே வைத்திராமல், அண்மையில் படித்த கோப்புகளை அதில் வைத்துக்கொள்கின்றது. வேறு பணிக்குத் தேவை எழின் உடனே விட்டுக்கொடுக்கும். ஆகவே நோக்க வேண்டியது 'வெற்றிடம்' என்ற எண்ணை அன்று. 'கிடைக்கக்கூடியது' என்ற எண்ணையே. கூடவே, வட்டில் 512 மெகாபைட் அளவுக்கு மாற்றிடக் கோப்பு ஒன்றை அமைத்துக்கொள்ளுதல் நலம். அஃது அன்றாடம் உண்பதற்கான உணவன்று, பஞ்சத்துக்கான குதிர்.

எழுத்தின் எடை

சிறு வழங்கி தமிழ்த்துறைக்குப் போதும் என்பதற்கு முதன்மையான காரணம், எழுத்தின் எடை மிகக் குறைவு என்பதே. ஒருங்குறியில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும், இணையத்தில் பெருவழக்காகிய யு.டி.எஃப்.-8 முறைப்படி, மூன்று பைட் இடம் கொள்கின்றது. ஆங்கில எழுத்துக்கு ஒன்றே போதும் என்பதால், தமிழுக்கு இடம் மிகுதியாகத் தேவைப்படுகின்றது என்று நம்மவர் சிலர் வருந்துவதுண்டு. 1330 குறள், குறளுக்கு ஏழு சீர், ஆக 9310 சீர். இவையனைத்தும் 250 கிலோபைட்டுக்குள் அடங்கும். தொண்ணூறுகளில் நாம் கையாண்ட 1.44 மெகாபைட் நெகிழ்வட்டு ஒன்றில் திருக்குறளின் ஐந்து படிகளை வைக்கலாம். மூன்று காண்டங்களில் 5027 பாடல்களைக் கொண்ட உமறுப் புலவரின் சீறாப்புராணம், என் மதிப்பீட்டில், மூன்று மெகாபைட் அளவினதாகும். இன்றைய கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படத்தின் அளவும் அதுவே. காப்பியம் முழுவதும் நினைவகத்தின் ஒரு மூலையில் தங்கிவிடும்; எத்தனை பேர் கேட்டாலும் வட்டைத் தொட வேண்டுவதில்லை.

பக்கம் ஒன்று 200 கிலோபைட் எனக் கொண்டு, நாளொன்றுக்கு ஆயிரம் பேர் ஒவ்வொரு பக்கம் படித்தாலும், திங்கள் முழுவதற்கும் செல்வது 6 ஜிகாபைட்டே. சிறு வழங்கிகளுக்கு அளிக்கப்படும் போக்குவரத்து அளவு பெரும்பாலும் இதனைப் பன்மடங்கு விஞ்சுவது. நம் துறைத்தளத்தை நாளும் ஆயிரவர் படிப்பாராயின் அது நாம் விழாக் கொண்டாட வேண்டிய செய்தி!

சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் அவர்கள் தலைமையில் 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் இவ்வுண்மையின் மேல் எழுந்ததே. பல நாடுகளில் வாழும் தன்னார்வலர் தட்டச்சிட்டும் மெய்ப்புப் பார்த்தும் அளித்த எழுத்துக்கோப்புகளே அதன் செல்வம். சீறாப்புராணமும் அதில் இடம்பெற்றுள்ளது. 2005இல் ஈழத் தமிழர் தொடங்கிய நூலகம் திட்டமோ அச்சுப்பக்கங்களையே படமெடுத்துச் சேர்ப்பதால் பேரிடம் வேண்டுவது; 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்களை இழந்த மக்கள், படத்துக்குப் படம் காக்க விழைவதன் காரணம் விளக்க வேண்டாதது. இவ்விரு முறைகளுள் சிறு வழங்கிக்கு ஏற்றது மதுரைத் திட்டத்தின் முறை. துறையின் பழைய மலர்களைப் பக்கப்படங்களாக மட்டும் ஏற்றினால் 10 ஜிகாபைட் வட்டு விரைவில் நிரம்பும். எழுத்தாக ஏற்றினால் நிரம்பாது, தேடவும் முடியும்.

பாடவேறுபாடும் கோப்பு வரலாறும்

தமிழ்த்துறையினர்க்கு இச்சிறு இயந்திரம் செய்யக்கூடிய உதவிகளுள் தலையாயது இதுவென்பது என் கருத்து. ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்த நூல்களில் பாடவேறுபாடு குறித்தல் நம் மரபு. கணினியில் தட்டச்சிட்ட நூல்களிலோ வேறுபாடுகள் சுவடின்றி மறைகின்றன. ஒருவர் ரகரத்தை றகரமாக்குகின்றார். மற்றொருவர் சந்தியைப் பிரிக்கின்றார். மூன்றாமவர் பழைய கோப்பை அறியாது மேலேற்றி இருவர் உழைப்பையும் அழித்துவிடுகின்றார். எப்போது, எவர், எதனை, எக்காரணத்தால் மாற்றினார் என்பதற்குச் சான்றில்லை.

இக்குறையைத் தீர்ப்பது 'கிட்' என்னும் கட்டற்ற மென்பொருள். லினக்ஸ் நிரலைப் பலர் கூடித் திருத்துவதற்கென 2005இல் டோர்வால்ட்ஸ் எழுதியது. நிரலாளர்க்குரிய கருவி என்றே கருதப்படுவது. அது வரிவரியாக ஒப்பிட்டு, மாறிய வரியைக் காட்டி, மாற்றியவர் பெயரையும் நாளையும் காரணக் குறிப்பையும் சேர்த்து வைக்கும். ஒரு வரியில் ஓரடி எனத் தட்டச்சிட்டால், பாடவேறுபாட்டுக் குறிப்பேடு தானே எழுதப்பட்டுவிடும். சீறாப்புராணத்தின் 1842ஆம் ஆண்டு முதற்பதிப்பையும் பிற்காலப் பதிப்பொன்றையும் மாணவர் இருவர் தனித்தனியே தட்டச்சிட்டு, இரண்டையும் ஒப்பிட்டால், பதிப்பு வேறுபாடு எது, தட்டச்சுப் பிழை எது என ஆராய்வதற்கான பட்டியல் நொடியில் கிடைக்கும். ஆராய்ச்சி மாணவர் செய்வார். பட்டியல் இடும் சலிப்பை இயந்திரம் ஏற்கும்.

இதற்கு நினைவகச் செலவு யாதெனின், ஏதுமில்லை எனலாம். வழங்கியில் கோப்புக்களஞ்சியம் உறங்கிக்கொண்டிருக்கும். மாணவர் தம் பணியை அனுப்பும் சில நொடிகளில் மட்டும் விழித்தெழும். ஊரிலிருக்கும் மாணவரும், வேலைக்குச் சென்றுவிட்ட பழைய மாணவரும் ஒரே நூலின்மேல் பணியாற்றலாம்.

சொல்லடைவும் எழுத்து வரிசையும்

சொல்லடைவு ஆக்குவதற்கு முன்னோர் அட்டைகளில் எழுதி ஆண்டுக்கணக்கில் அடுக்கினர். யூனிக்ஸ் காலத்திலிருந்து வரும் 'சார்ட்' என்னும் வரிசைக் கருவி அதனைச் சில நொடிகளில் செய்யும். கோப்பு நினைவகத்தினும் பெரிதாயிருப்பினும் அது கலங்காது. துண்டு துண்டாக அடுக்கி, வட்டில் வைத்து, பின் இணைக்கும்.

ஆயின் இங்கொரு தடை. ஒருங்குறியில் எழுத்துகளின் எண்வரிசை நம் நெடுங்கணக்கு வரிசையன்று. அங்கு நகரத்தை அடுத்தே னகரமும், ரகரத்தை அடுத்தே றகரமும் வருகின்றன. புள்ளியெழுத்தாகிய 'க்' என்பது 'கௌ' என்பதற்கும் பின்னே செல்கின்றது. கருவியை அப்படியே நம்பினால், தொல்காப்பியர் காணாத வரிசையில் சொல்லடைவு அமையும். பைத்தான் மொழியில் அமைந்த 'ஓப்பன் தமிழ்' என்னும் நிரல்தொகுப்பு, தமிழ் வரிசையில் ஒப்பிடும் வசதியைத் தருகின்றது. சந்தி பிரித்தலை எந்தக் கருவியிடமும் முழுதும் ஒப்படைத்தல் கூடாது. அங்கு இலக்கணம் கற்ற மாணவனுக்கே இடம்.

பழைய மலர்களை மீட்டல்

தொண்ணூறுகளிலும் இரண்டாயிரத்தின் தொடக்கத்திலும் கணினியில் அச்சுக்கோத்த மலர்களின் கோப்புகள் இன்றும் சில துறைகளின் குறுவட்டுகளில் உள்ளன. திறந்தால் பொருளற்ற ஆங்கிலக் குறிகளே தோன்றும். எழுத்துரு விற்றவர் ஒவ்வொருவரும் தத்தமக்குரிய முறையில் தமிழ் எழுத்துகளை இடமமைத்ததே காரணம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாடு 'டாம்', 'டாப்' என இரு குறியீட்டு முறைகளையும் 'தமிழ்99' விசைப்பலகையையும் பரிந்துரைத்தது. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. அதற்கிடையில் ஆக்கப்பட்டவை ஆதரவற்றுக் கிடக்கின்றன.

இவற்றை மாற்றும் நிரல்கள் உள்ளன. அவை செய்யும் பணியைத் தமிழ் மாணவர் எளிதில் உணர்வர். பழைய எழுத்துருக்கள் கண்ணால் காணும் வரிசையில் 'கொ' என்பதை ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என மூன்றாக வைத்தன. ஒருங்குறியோ ஒலிவரிசையில் ககரத்தை முன்வைத்து, ஒகரக் குறியைப் பின்வைக்கின்றது. மாற்றும்போது நேரும் பெரும்பிழை ஔகாரத்தில் உள்ளது. 'மௌனம்' என்பதை, கொம்பும் ளகரமுமாக இட்டு 'மெளனம்' என்று வைத்திருப்பர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். தேடும் கருவிக்கு இரண்டும் வேறு. இத்தகைய இடங்களை இரவில் ஒருமுறை தேடிப் பட்டியலிடுமாறு, குறித்த நேரத்தில் பணிசெய்யும் 'கிரான்' என்ற காவலனிடம் சொல்லி வைக்கலாம். வரிவரியாகப் படித்து ஆராயும் இந்நிரலுக்கு 512 மெகாபைட்டில் ஒரு சிறுபங்கே வேண்டும். காலையில் மாணவர் பட்டியலைப் பார்த்துத் திருத்துவர். 'தெளிவு', 'வெளி' போன்ற சொற்களில் கொம்பும் ளகரமும் முறையாகவே வருவதால், திருத்தத்தை இயந்திரத்திடம் விட்டுவிடல் ஆகாது.

ஊர் வேறு, படி வேறு

மேல்பட்டாம்பாக்கம், பழுப்பு நிலக்கரியிலிருந்து மின்சாரம் எடுக்கும் நெய்வேலிக்கு அண்மையிலுள்ள ஊர். ஆயினும் 2011 டிசம்பர் 30ஆம் நாள் விடியலில் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே தானே புயல் கரைகடந்தபோது, மின்கம்பங்கள் சாய்ந்து, இம்மாவட்டத்தின் ஊர்கள் பல நாள்கள் இருளில் கிடந்தன. பண்ணுருட்டிப் பகுதியில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. 2015ஆம் ஆண்டு இறுதியில் பெய்த பெருமழையில் இதே மாவட்டம் வெள்ளத்தில் மூழ்கியது. துறையறையிலுள்ள ஒரே கணினியின் ஒரே வட்டில் அனைத்தையும் வைத்திருத்தல், ஒரே ஏட்டை ஒரே பரணில் வைத்திருப்பதற்கு நிகர்.

சிறு வழங்கியின் அமைதியான பயன் இதுவே. மும்பையிலோ சிங்கப்பூரிலோ உள்ள வழங்கிக்கு, 'ஆர்சிங்க்' என்னும் கருவி நாள்தோறும் மாறிய பகுதியை மட்டும் அனுப்பி வைக்கும். எழுத்துக்கோப்புகளாயின் அனுப்புவது சில கிலோபைட்டே. கைப்பேசி இணைப்பே போதும். வாய்ப்பிருப்பின் இரு வேறு நிறுவனங்களில் இரு சிறு வழங்கிகள் எடுத்து, ஒன்றற்கு மற்றொன்று படியாக நிற்கச் செய்யலாம். பெரிய வழங்கி ஒன்றினும் சிறியன இரண்டு மேல் என்பது என் துணிபு.

ஏலாத பணிகள்

எதற்கும் இது போதும் என்று கூறுதல் ஏமாற்றாகும். மின்னஞ்சல் வழங்கியை இதில் அமைக்க முயல வேண்டாம். குப்பை அஞ்சலை வடிக்கும் மென்பொருளே நினைவகத்தை விழுங்கும். அன்றியும், அறியப்படாத சிறு முகவரியிலிருந்து வரும் அஞ்சலைப் பெரிய நிறுவனங்கள் ஐயுற்றுத் தள்ளிவிடும். கருத்தரங்க ஒளிப்படங்களையும் காணொலிகளையும் இதில் குவித்தல் தகாது. பக்கப்படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் 'டெசராக்ட்' போன்ற மென்பொருள் தமிழையும் படிக்குமாயினும், அப்பணியைத் துறைக் கணினியில் செய்து முடிவை மட்டும் ஏற்றுதலே முறை. இன்று பேசப்படும் செயற்கை நுண்ணறிவு மொழிமாதிரிகளுக்கு இங்கே இடமில்லை.

பலர் கூடி எழுதும் விக்கி ஒன்று வேண்டுமாயின், தரவுத்தளம் வேண்டாத 'டோக்குவிக்கி' பொருந்தும். அது பக்கங்களை எளிய எழுத்துக்கோப்புகளாகவே வைப்பது. பி.எச்.பி. செயலிகளை மூன்றுக்கு மேற்படாமல் கட்டுப்படுத்தினால் 512 மெகாபைட்டில் அடங்கும். முன்னர்க் கூறிய சொற்பட்டியலை மீண்டும் தொகுப்பதாயின் அதற்கு இதுவே ஏற்ற கலம்.

காவலும் பொறுப்பும்

வழங்கியைத் திறந்த முதல் நாளிலேயே, முன்பின் அறியாதவர் வாசலைத் தட்டத் தொடங்குவர். என் வழங்கியின் பதிவுக்குறிப்பில், முதல் இரவிலேயே நூற்றுக்கணக்கான முயற்சிகள் பதிவாகியிருந்தன. அவர் மனிதரல்லர், உலகின் முகவரிகளையெல்லாம் வரிசையாகத் தட்டிப் பார்க்கும் நிரல்கள். கடவுச்சொல்லால் நுழையும் வழியை அறவே அடைத்து, மறையாக்கச் சாவிக்கோப்பால் மட்டும் நுழையுமாறு செய்தால் அச்சமில்லை. பாதுகாப்புத் திருத்தங்கள் தாமே நிறுவப்படுமாறு அமைத்தல் வேண்டும். பதிவுக்குறிப்புகள் பெருகி வட்டை நிரப்பாதவாறு பழையவற்றைக் களையவும் வேண்டும். சிறு வழங்கிகள் நிற்பதற்கு இஃதொரு காரணம்.

இவற்றைக் கற்பதற்கு நம்மவர்க்குத் தமிழிலேயே வழியுண்டு. 2012இல் தொடங்கிய 'கணியம்' மின்னிதழ் வழியாகவும், து. நித்யா அவர்கள் எழுதிய எளிய தமிழ்க் கணினி நூல்கள் வழியாகவும் லினக்ஸ் கட்டளைகளைப் பயிலலாம். தொலைவில்லாத விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு ஒன்று ஊரக மாணவர்க்குப் பயிற்சி அளித்து வருகின்றது. தமிழ் மாணவர் இருவர், கணினியறிவியல் மாணவர் ஒருவர் எனக் குழு அமைப்பின் நன்று. முன்னவர்க்கு இயந்திரமும் பின்னவர்க்கு ஔகாரமும் விளங்கும்.

இயந்திரத்தினும் மனிதரே விரைவில் மாறுகின்றனர். மாணவர் மூன்றாண்டில் செல்வர். ஆசிரியர் ஓய்வு பெறுவர். எனவே வழங்கியும் தளப்பெயரும் தனியொருவர் பெயரில் அமையாது துறையின் பெயரில் அமைதல் வேண்டும். பருவந்தோறும் ஒருநாள், காப்புப்படியிலிருந்து ஒரு கோப்பையேனும் வேறொரு கணினியில் மீட்டுத் திறந்து பார்த்தல் வேண்டும்; திறவாத படி படியன்று. வாடகை செலுத்த வேண்டிய நாள், தளப்பெயரைப் புதுப்பிக்க வேண்டிய நாள், சாவிக்கோப்பு வைத்திருக்கும் ஆசிரியர் இருவர் பெயர், அதன் இரண்டாம் படி இருக்குமிடம் ஆகிய நான்கையும் துறையின் வருகைப்பதிவேடு வைக்கும் அலமாரியில் ஒரு குறிப்பேட்டில் மையால் எழுதி வைக்க. ஒவ்வோராண்டும் சூன் திங்களில் புதிய துறைத்தலைவர் அதில் கையொப்பமிட்டுப் பெற்றுக்கொள்க.